கண்ணாடிக்கும் குரல் வேண்டும்

காரைக்குடி செக்காலை ரோட்டை ஒட்டிய ஓர் ஏடிஎம் அறை. உள்ளே நானும் என் நண்பரும் நின்றிருந்தோம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

சட்டைப் பையிலிருந்து இயர்போனை எடுத்தார். இடது கையால் இயந்திரத்தின் முகப்பை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்து, ஒரு சின்னத் துளையில் விரலை நிறுத்தினார். செருகினார். காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அரை நிமிடம் போயிற்று.

"சத்தமே வரலையே தம்பி."

செருகியதைப் பிடுங்கி மறுபடி செருகினார். வலது கை எண் பொத்தான்களின் மேல் இருந்தது. நடுவிரல் 5-இன் மேலுள்ள சின்னப் புள்ளியில் நின்றது. "துளை இருக்கு, புள்ளியும் இருக்கு. பேசத்தான் மாட்டேங்குது" என்றார். பிறகு கார்டை என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி நான்கு எண்களைச் சொன்னார். வெளியே வந்ததும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஊர் பேசுறதையெல்லாம் முப்பது வருசம் காதுல வாங்கிக்கிட்டு ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. என் ரகசியத்தை நானே வாயத் திறந்து சொல்ல வேண்டியதாப் போச்சு."

ஒரு தானியங்கி இயந்திரத்தை எல்லோருக்கும் ஏற்றதாகச் செய்வது என்றால் என்ன என்பதற்கு அவர் சொன்னதே விளக்கம். பணம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. யார் தயவும் இல்லாமல், தன் ரகசியம் தன்னிடமே இருக்க, அது வர வேண்டும். இதற்கு வேண்டிய அறிவியல் வெகுகாலமாகவே நம்மிடம் இருக்கிறது.

விரலில் இருக்கும் உப்புநீர்

இன்று ரயில் டிக்கெட் எடுப்பதும், மருத்துவமனையில் டோக்கன் போடுவதும், வங்கியில் பாஸ்புக் பதிவதும் பல இடங்களில் கண்ணாடித் திரையைத் தொட்டு நடக்கின்றன. விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி 1965-இல் முதன்முதலில் எழுதியவர் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் இருந்த ராயல் ரேடார் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்களுக்காக அவர் யோசித்த வழி அது.

இன்று பரவலாக உள்ள தொடுதிரையில், கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளை மிக மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். ஒளியை ஊடுருவ விட்டு மின்சாரத்தையும் கடத்தும் பொருள்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. நம் ஊர்க் கண்டாங்கிச் சேலையின் கட்டங்களைப் போல அந்தப் படலத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும். கோடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் துளி மின்னூட்டம் தங்கியிருக்கும். மனித உடல் உப்பு கலந்த நீரால் நிறைந்தது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். விரல் நெருங்கியதும் அந்த இடத்து மின்னூட்டத்தில் ஒரு பகுதி விரல் பக்கம் இழுபடுகிறது. கட்டங்களை நொடிக்குப் பல முறை சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும் சில்லு, எந்தச் சந்திப்பில் குறைந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறது. அதுதான் தொடுதல்.

கரைசல்களில் மின்சாரம் செய்யும் வேலைகளை ஆராய்வதற்கென்றே நம் ஊரில் ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். தொடுதிரையின் பலவீனமும் அதே உப்புநீர்ப் பாடத்தில்தான் இருக்கிறது. செயற்கைக் கையில் உப்புநீர் இல்லை. பிளாஸ்டிக் விரலை இந்தத் திரை விரலாகவே ஏற்காது. ஆத்தங்குடிக் கல் வார்த்து வார்த்துச் சிமெண்டில் காய்த்துப்போன விரல், முதுமையில் உலர்ந்த விரல் ஆகியவற்றையும் பல நேரம் கண்டுகொள்ளாது.

வேறு வகைத் திரைகளும் உண்டு. இரண்டு படலங்கள் அழுத்தத்தில் ஒன்றையொன்று தொடும் திரையைப் பேனாவின் பின்பக்கத்தால்கூட இயக்கலாம். சட்டத்தின் ஓரங்களிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கே பாயும் திரை, கதிரை மறைப்பது விரலா குச்சியா என்று பார்ப்பதில்லை. ஆக, எந்தத் திரையை வாங்குவது என்று ஓர் அலுவலகம் முடிவு செய்யும்போதே யார் யாரெல்லாம் அதைப் பயன்படுத்த முடியும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

தடவினால் தேர்வாகிவிடும் சிக்கல்

பார்வையில்லாதவருக்கு விரல்தான் கண். எங்கே என்ன இருக்கிறது என்று முதலில் தடவிப் பார்க்க வேண்டும், பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை; போதாக்குறைக்கு, தடவியதையே தேர்வாக எடுத்துக்கொள்ளும்.

இந்த முடிச்சை அவிழ்த்த வழி எளிமையானது: பார்ப்பதையும் தேர்ந்தெடுப்பதையும் பிரித்துவிட வேண்டும். 2009-இல் ஐபோனில் வந்த வாய்ஸ்ஓவர் இப்படித்தான் செய்தது. விரலை நகர்த்தினால் அடியில் இருப்பதைக் குரல் வாசிக்கும். இரண்டு முறை தட்டினால்தான் அது இயங்கும். அதே ஆண்டில் ஆண்ட்ராய்டில் டாக்பேக் வந்தது. இன்று பார்வையற்ற நண்பர்கள் நம்மைவிட வேகமாகக் கைபேசியை இயக்குவது இதனால்தான்.

கைபேசி நம்முடையது; பழகிக்கொள்ள நாள் இருக்கிறது. ரயில் நிலைய இயந்திரத்தின் முன் முதல்முறை நிற்பவருக்கு இந்தச் சைகைகளைக் கற்க நேரம் கிடையாது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் ஆய்வு மையத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் குழு இதற்கு ஒரு விடை கண்டது. திரைக்குக் கீழே கையில் தட்டுப்படும் சில பொத்தான்கள்: மேலே போக ஒன்று, கீழே போக ஒன்று, தேர்ந்தெடுக்கப் பச்சை வட்டம் ஒன்று, உதவிக்கு ஒன்று. கீழ்ப் பொத்தானை அழுத்த அழுத்தத் திரையிலுள்ள வரிகளை இயந்திரம் ஒவ்வொன்றாகக் காதில் சொல்லும். வேண்டியது வந்ததும் பச்சை. கை நடுங்குபவருக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் இதே பொத்தான்கள் உதவும்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்காக மென்பொருளிலேயே செய்யக்கூடியவை இன்னும் உண்டு. விரல் பட்டவுடன் இயங்காமல், விரலை எடுக்கும்போது இயங்கினால், தவறான இடத்தில் பட்டதை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். நேரம் முடிந்தது என்று கார்டைத் துப்புவதற்கு முன்னால், "இன்னும் நேரம் வேண்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். காது கேளாதவருக்காக, "பீப்" என்று ஒலிக்கும் ஒவ்வோர் எச்சரிக்கையோடும் ஒரு விளக்கும் மின்னலாம். இவற்றுக்காகப் புதிய இயந்திரம் தேவையில்லை, கொஞ்சம் யோசனை போதும்.

வாக்குச்சாவடியில் படித்த பாடம்

ஏடிஎம்-இல் எண் பொத்தான்கள் இன்னமும் உலோகத்தில் இருப்பதற்குக் காரணம் பாதுகாப்பு. நாம் அழுத்தும் ரகசிய எண், பொத்தான் பெட்டிக்குள்ளேயே சங்கேதமாக மாற்றப்பட்டுத்தான் கணினிக்குப் போகிறது. திருட்டைத் தடுக்க வைத்த இந்த ஏற்பாடு பார்வையற்றவர்களுக்கும் வழிவிட்டது: 5-இல் புள்ளி, பச்சைப் பொத்தானில் மேடான வட்டம், சிவப்பில் மேடான பெருக்கல் குறி. இப்போது கடைகளில் கார்டு தேய்க்கும் இயந்திரங்கள் முழுக் கண்ணாடியாக வரத் தொடங்கியிருக்கின்றன. அங்கே அந்தப் புள்ளியும் இல்லை. வளர்ச்சி என்று நாம் நினைப்பது சிலருக்குக் கதவைச் சாத்துவதாக முடியலாம்.

நாம் எல்லோரும் பயன்படுத்திய ஓர் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். எழுத்தாளர் சுஜாதா பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது? விரலுக்கு அடியில் பொத்தான் அமுங்குகிறது. சின்னத்தின் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. நீளமாக ஒரு "பீப்" கேட்கிறது. ஒரே செய்தி விரலுக்கும் கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனியாகப் போகிறது. ஒரு புலன் இல்லாதவருக்கு இன்னொன்றின் வழியாகச் செய்தி சேர்ந்துவிடும். எல்லோருக்குமான வடிவமைப்பின் முக்கிய விதி ஒன்று இது.

2004-இல் ஆந்திரத்தின் ஆசிப்நகர் இடைத்தேர்தலில் பொத்தான்களின் பக்கத்தில் பிரெய்ல் எண்களைச் சோதித்துப் பார்த்தார்கள்; 2009 மக்களவைத் தேர்தலில் அது நாடெங்கும் வந்தது. வேட்பாளர் பட்டியலைப் பிரெய்லில் அச்சிட்ட தாளைப் படித்துவிட்டு, உரிய எண்ணுள்ள பொத்தானைத் தாமே அழுத்தலாம். துணைக்கு வருபவரிடம் "இவருக்குப் போடு" என்று சொல்ல வேண்டியதில்லை.

பின்னாளில் சேர்த்த ஒரு பெட்டி இதே விதியை மறந்துவிட்டது. யாருக்கு வாக்களித்தோம் என்பதை உறுதிசெய்யும் காகிதச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. கண்ணுக்கு மட்டும் சொல்லப்படும் செய்தி அது. பார்வையற்ற வாக்காளருக்கு அந்த 7 விநாடியில் ஒன்றுமே இல்லை.

தமிழ் பேசத் தெரிந்த இயந்திரம்

உலகின் முதல் பேசும் ஏடிஎம் 1997-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் ராயல் பாங்க் ஆஃப் கனடாவில் வந்தது. பார்வையற்ற வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டுப் பெற்றது அது. இந்தியாவில் யூனியன் வங்கி 2012-இல் அகமதாபாத்தில் முதல் பேசும் ஏடிஎம்-ஐ வைத்தது. அதற்கு முன்பே, புதிதாக வைக்கும் ஏடிஎம்-களில் மூன்றில் ஒரு பங்காவது பேச வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் சொல்லியிருந்தது. 2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் புதிய ஏடிஎம்-கள் எல்லாமே பிரெய்ல் பொத்தான்களோடு பேச வேண்டும், வாசலில் சாய்தளமும் வேண்டும் என்று அடுத்த உத்தரவு வந்தது.

சரியாக வேலை செய்யும் பேசும் ஏடிஎம்-இல் இயர்போனைச் செருகியதும் குரல் தொடங்கும். திரையை இருட்டாக்கிக்கொள்ளும் வசதி இருக்கும்; பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ரகசிய எண்ணை அழுத்தும்போது எண்ணைச் சொல்லாமல் ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு சின்ன ஒலி மட்டும் எழுப்பும். வெறும் பிரெய்லோடு நிறுத்தாமல் குரலும் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நீரிழிவிலோ கண்நீர் அழுத்த நோயிலோ நடுவயதில் பார்வை போனவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெய்ல் தெரியாது. அவர்களுக்குக் காதுதான் துணை.

அந்தக் குரல் எந்த மொழியில் பேசுகிறது என்பது அடுத்த கேள்வி. தமிழைக் கணினிக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது சுவையான சவால். நம் எழுத்தில் ஒரே "க" உண்டு. "கடல்", "தங்கம்", "அகம்" மூன்றிலும் அதை மூன்று விதமாக ஒலிக்கிறோம். இடத்தை வைத்து ஒலியைச் சொல்லும் விதிகளைக் கணினிக்குக் கற்பித்துவிடலாம். வங்கிக்குள் நுழைந்ததும் அந்த விதி உடைகிறது. "பாஸ்வேர்டு", "பேலன்ஸ்" இரண்டும் ஒரே "ப"வில் தொடங்குகின்றன, ஒலி வேறு. "டிக்கெட்", "டெபாசிட்" கதையும் அதுவே. எந்த விதியும் இங்கே கைகொடுக்காது. சொல்லைச் சொல்லாகவே கற்றுத் தர வேண்டும்.

எண்கள் இன்னும் நுட்பம். 2,000 என்றால் "இரண்டாயிரம்". பின்னால் 500 சேர்ந்தால் "இரண்டாயிரத்து ஐந்நூறு". ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டினால் "இரண்டாயிரம் ஐந்நூறு ரூபாய்" என்று யாரும் பேசாத தமிழாகிவிடும். கணக்கில் 9,090 ரூபாய் இருப்பவருக்கு "தொண்ணூறு" என்பது சாலை இரைச்சலில் "தொள்ளாயிரம்" என்று கேட்டால் எண்ணூற்றுப் பத்து ரூபாய் கூடுதலாக இருப்பதாக நினைத்துவிடுவார். அதனால்தான் ஒலியைக் கூட்டவும், மெதுவாக்கவும், மறுபடி சொல்லச் சொல்லவும் பொத்தான் இருக்க வேண்டும்.

சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி தலைமையிலான குழுவும், எஸ்.எஸ்.என் பொறியியல் கல்லூரியும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வகமும் தமிழ் எழுத்தைப் பேச்சாக்கும் வேலையில் பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. குரல் தயாராகத்தான் இருக்கிறது. அது ஒவ்வோர் இயந்திரத்துக்குள்ளும் போய்ச் சேர வேண்டும்.

சேர்ந்தால் பயன் பார்வையற்றவர்களோடு நிற்காது. கார்டோடு ரகசிய எண் எழுதிய துண்டுச் சீட்டையும் சேர்த்து நீட்டி, "தம்பி, ஆயிரம் ரூவா எடுத்துக் குடுப்பா" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்கும் அப்பத்தாக்களை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தமிழில் பேசும் இயந்திரம் அவர்களுக்கும்தான்.

நாலு படி

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரே ஒரு படி எல்லாவற்றையும் வீணாக்கிவிடும். செட்டிநாட்டு வீடுகள் தெருவிலிருந்து உயர்ந்து நிற்பவை. அந்தக் கட்டடங்களின் முகப்பில் ஏடிஎம் வைத்தால் வாசலில் நாலு படி இருக்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் போக வேண்டும் என்பது கணக்கு. அரையடி வீதம் நாலு படி என்றால் இரண்டு அடி உயரம். சாய்தளம் இருபத்துநாலு அடி. ஐந்தடியில் செங்குத்தாகச் சிமெண்டைப் பூசிவிட்டு அதைச் சாய்தளம் என்று சொல்லக்கூடாது. நாற்காலியை அதில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்கும்போது ஆபத்து.

உள்ளே போன பிறகும் உயரக் கணக்கு உண்டு. அமெரிக்க விதிப்படி கை எட்ட வேண்டிய எதுவும் தரையிலிருந்து 1,220 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. நிற்பவர் கண்ணுக்காகச் சாய்த்து வைத்த திரையில், உட்கார்ந்திருப்பவருக்கு மேலே எரியும் டியூப்லைட்தான் தெரியும். இயந்திரத்துக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் இல்லையென்றால் நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி, உடம்பை முறுக்கித்தான் எட்ட முடியும்.

பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளில் தரையில் உட்கார்ந்து, முன்னால் கைப்பெட்டியை வைத்துக்கொண்டுதான் லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்தது. கொடுப்பவர் கண்ணும் வாங்குபவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். பேச்சில் காரியம் முடியும். 1937 பிப்ரவரி 10-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். கடல் கடந்து வங்கித் தொழிலைக் கொண்டுபோன ஊர் இது. தன் வாசலில் உள்ள நாலு படியை இந்த ஊரால் கடக்க முடியாதா?

சட்டம் சொல்லிவிட்டது

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். முதுமையில் பார்வையும் செவியும் குறைபவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியேயும் ஏராளம். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தை அவர்கள் அணுக முடிவதை உரிமையாக்கியது. ஐ.எஸ் 17802 என்ற இந்தியத் தரம், கருவிகளும் மென்பொருளும் எப்படி இருக்க வேண்டும் என்று விரிவாக வகுத்திருக்கிறது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது செல்லாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது.

2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. வங்கி வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கக் கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் முறை இருக்கிறது. அமில வீச்சில் இமைகளை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? மின்னணு வழிச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அந்த வழக்கில் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025 ஜூன் 28 முதல் புதிய ஏடிஎம், டிக்கெட் இயந்திரங்கள் எல்லோரும் அணுகும்படி இருப்பது சட்டக் கடமை.

உத்தரவு இருக்கிறது, தரம் இருக்கிறது, குரல் இருக்கிறது. இருந்தும் என் நண்பர் செருகிய துளை ஊமையாக இருந்ததற்குக் காரணம், இயந்திரத்தை வைத்தவர்கள் ஒருநாளும் இயர்போனைச் செருகிப் பார்க்காததுதான். ஏசி ஓடுகிறதா, பணம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருகிறார். பேசுகிறதா என்று பார்க்க யாரும் வருவதில்லை.

இதை மாற்றத் தேவையானதெல்லாம் இந்த ஊரிலேயே இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி, மறுவாழ்வு அறிவியல் துறை இருக்கிறது. நகராட்சியாக இருந்த காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. புதிய அலுவலகங்களும் புதிய இயந்திரங்களும் இனி வரத்தான் போகின்றன. ஒவ்வோர் இயந்திரத்தையும் திறந்துவைப்பதற்கு முன், பார்வையற்ற ஒருவரும், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரும், காது கேளாத ஒருவரும் தனியாக உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு வரட்டும். அவர்கள் "சரி" என்று சொன்ன பிறகு ரிப்பனை வெட்டலாம்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பணம் எடுக்கப் போகும்போது ஓர் இயர்போனை எடுத்துப் போங்கள். துளையில் செருகிப் பாருங்கள். குரல் கேட்டால் மகிழ்ச்சி. கேட்காவிட்டால் அந்த வங்கிக் கிளைக்குள் போய், இயந்திரத்தின் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். கண் தெரிந்தவர் கொடுக்கும் அந்த ஒரு புகாரால், ரகசியத்தைக் காப்பதையே தொழிலாகச் செய்த ஒரு மனிதர் தன் ரகசியத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியும்.